லயத்துப் பிள்ளைகளும் குடற்புழுவும்: மரபணு சொல்வதும் சொல்லாததும்

இலங்கைப் பெருந்தோட்டங்களில் 1992 இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 3 முதல் 12 வயது வரையான பிள்ளைகளிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடற்புழு இருப்பது அதில் தெரியவந்தது. 1994 முதல் 2005 வரை, 3 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்தார்கள். மருந்து நின்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின், களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் நிலந்தி டி சில்வா உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஐந்து மாவட்டங்களின் 114 பாடசாலைகளுக்குப் போய் 1,890 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தார்கள். முடிவு 2011 இல் வெளிவந்தது. 29 சதவீதப் பிள்ளைகளிடம் ஏதேனும் ஒரு வகைப் புழு இருந்தது. நடுத்தரமான அல்லது கடுமையான தொற்று 11.6 சதவீதத்தினரிடம்.

இந்த எண்கள் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஏன் இவ்வளவு புழு என்பது ஒன்று. தோட்ட வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பீலித் தண்ணீரைக் குடித்து, ஒரே வாசலில் விளையாடும் பிள்ளைகளில் ஒருத்திக்கு வயிறு நிறையப் புழு இருக்க, அடுத்த காம்பராப் பையனிடம் நாலைந்துகூட இல்லாமல் போவது எப்படி என்பது மற்றது. முதல் கேள்விக்கான விடை மண்ணிலும் கழிவறையிலும் இருக்கிறது. இரண்டாவதன் விடையில் ஒரு பங்கு மரபணுவுக்கு உண்டு. ஒன்றுக்கான விடையை மற்றதற்குச் சொன்னால் அறிவியலும் தவறும், நியாயமும் தவறும்.

உயரமும் கழிவறையும்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அதே மாவட்டத்தின் நோட்டன் பிரிட்ஜ் அதில் ஏறக்குறைய பாதி உயரத்தில், கெசல்கமு ஓயா ஓடும் பள்ளத்தாக்கில், விமலசுரேந்திர மின்நிலையத்தை ஒட்டி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் சரிவு இது. நுவரெலியாவின் குளிர் இங்கே இல்லை. மழைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை.

புழுவுக்கு இந்த வேறுபாடு பெரிது. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு நிலத்தில் விழுந்து, வெதுவெதுப்பான ஈரமண்ணில் பொரிக்கிறது; அதிலிருந்து வரும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. நாக்குப்பூச்சி என்று வீடுகளில் சொல்லும் உருளைப்புழுவின் முட்டை மண்ணில் சில வாரம் முதிர்ந்த பிறகுதான் தொற்றும் வலுவைப் பெறுகிறது. பெண்புழு ஒன்று நாளைக்கு இரண்டு இலட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது. குளிர் கூடினால் இந்த முதிர்ச்சி மந்தப்படும். 2011 ஆய்வு உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகிய மூன்று வகைப் புழுக்களுக்கும் பொதுவான ஆபத்துக் காரணிகளாக இரண்டைக் கண்டது: தாழ்ந்த உயரம், தாயின் குறைந்த கல்வி. வீட்டுச் சுகாதார வசதியின் குறைவு உருளைப்புழுவோடும் கொக்கிப்புழுவோடும் சேர்ந்து வந்தது. ஒரே மாவட்டத்துத் தோட்டங்களை ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது என்பதை உயரக் கணக்கு காட்டுகிறது.

அதே ஆளிடம் திரும்பி வரும் புழு

குடற்புழு ஊருக்குள் சமமாகப் பரவுவதில்லை. எந்த ஊரை எடுத்தாலும் புழுக்களில் பெரும்பகுதி ஒரு சிறு கூட்டத்தாரின் குடலில் குவிந்திருக்கும். இது தற்செயல் என்றால், மருந்து கொடுத்து எல்லோரையும் சுத்தப்படுத்திய பின் அடுத்த முறை புழு வேறு ஆட்களிடம் போயிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதற்கு முக்கியமான சான்றுகள் நம் பக்கத்திலிருந்தே வந்தன. மேற்கு வங்கக் கிராமவாசிகளின் கொக்கிப்புழுத் தொற்றைப் பற்றி ஷாட், அண்டர்சன் இருவரும் 1985 இல் எழுதினார்கள். தமிழ்நாட்டுப் பழவேற்காடு ஏரிப் பகுதியின் மீனவக் கிராமம் ஒன்றில் ஹாஸ்வெல்-எல்கின்ஸ், எல்கின்ஸ், ரோய் அண்டர்சன் ஆகியோர் செய்த ஆய்வு 1987 இல் வெளியானது. மருந்து கொடுத்து வெளியேறிய புழுக்களை எண்ணினார்கள். சில மாதங்கள் விட்டு மறுபடி மருந்து கொடுத்து எண்ணினார்கள். முதல் முறை அதிகம் சுமந்தவர்களே பெரும்பாலும் இரண்டாம் முறையும் அதிகம் சுமந்தார்கள்.

காரணம் மரபணுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மண் தின்னும் பழக்கமுள்ள பிள்ளை திரும்பவும் மண் தின்னும். கழிவறை இல்லாத வீட்டில் அடுத்த ஆண்டும் கழிவறை இருக்காது. பழக்கத்தையும் உடலையும் தனித்தனியாகப் பார்க்க, ஆய்வாளர்கள் சுண்டெலியிடம் போக வேண்டியிருந்தது.

எலி காட்டிய வழி

மனிதக் குடலின் சாட்டைப்புழுவுக்கு எலியில் ஓர் உறவுப் புழு உண்டு. தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளை இணைசேர்த்து உருவாக்கிய ஆய்வகச் சுண்டெலி இனம் ஒவ்வொன்றிலும் எல்லா எலிகளுக்கும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதிதான். அத்தகைய வெவ்வேறு இன எலிகளுக்கு ஒரே அளவு முட்டைகளைக் கொடுத்தால், சில இனங்கள் மூன்று வாரத்தில் புழுக்களைத் துரத்திவிடுகின்றன. ஏகேஆர் என்ற இனம் அவற்றை முதிரவிட்டு நிரந்தரமாகச் சுமக்கிறது. துரத்தும் பால்ப்-கே இனத்துக்கும் சுமக்கும் ஏகேஆர் இனத்துக்கும் திசு அடையாள மரபணுக்கள் ஒரே வகைதான். ஆகவே வேறுபாட்டின் வேர் அதற்கு வெளியே, மரபணுத் தொகுதியின் மற்ற பகுதிகளில் பரவியிருக்கிறது. ஆய்வாளர்கள் மரபணுப் பின்னணி என்று சொல்வது இதைத்தான்.

அந்தப் பின்னணி வேலை செய்வது நோய் எதிர்ப்புக் கலங்களின் வழியாக. உதவி டி கலங்கள் புழுவைக் கண்டதும் இரண்டு திசைகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. முதலாம் வகைத் திசை இன்டர்ஃபெரோன்-காமாவைச் சுரப்பது. கலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளுக்கு எதிராக அது நல்ல ஆயுதம், குடலில் கிடக்கும் புழுவுக்கு எதிராக அல்ல. இரண்டாம் வகைத் திசையில் இன்டர்லியூக்கின்-4, 13 ஆகியவை சுரக்கின்றன. அப்போது குடற்சுவரின் சளி கூடுகிறது, குடல் தசை வேகமாகச் சுருங்குகிறது, சுவரின் மேற்கலங்கள் விரைந்து பிறந்து விரைந்து உதிர்கின்றன. மேற்கலங்களுக்குள் தலை புதைத்திருக்கும் சாட்டைப்புழு அந்த ஓட்டத்தோடு வெளியே தள்ளப்படுகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிரென்சிஸ் குழு இந்தக் கல ஓட்டத்தை 2005 இல் விளக்கியது.

கேத்ரின் எல்ஸும் கிரென்சிஸும் சகாக்களுடன் 1994 இல் வெளியிட்ட பரிசோதனை இதில் திருப்புமுனை. ஏகேஆர் எலியில் இன்டர்ஃபெரோன்-காமாவை முடக்கினார்கள், புழு வெளியேறியது. எதிர்ப்புள்ள எலியில் இன்டர்லியூக்கின்-4 செயற்படும் வழியை அடைத்தார்கள்; புழு தங்கிவிட்டது. மரபணு தீர்மானிப்பது எதிர்ப்பு உண்டா இல்லையா என்பதை அல்ல, எதிர்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை. இரு இனங்களும் புழுவோடு மல்லுக்கட்டத்தான் செய்கின்றன. ஒன்று பிடித்த பிடி பொருந்தவில்லை.

டி கலம் திசை தேர்வதற்கு முன்பே குடற்சுவர் பேச்சைத் தொடங்கிவிடுகிறது என்பது 2016 இல் தெளிவாயிற்று. குடற்சுவரில் அரிதாக இருக்கும் குஞ்சக் கலங்கள் ஒட்டுண்ணியின் வரவை உணர்ந்து இன்டர்லியூக்கின்-25 ஐ விடுகின்றன. அதைக் கேட்டு இயல்பு எதிர்ப்பின் நிணநீர்க் கலங்கள் இன்டர்லியூக்கின்-13 ஐச் சுரக்க, குஞ்சக் கலங்கள் இன்னும் பெருகுகின்றன. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் மரபணு வேறுபாடு கைவைக்கலாம்.

குடலுக்கு வெளியே வாழும் புழுவிடம் கதை வேறு மாதிரி. எலியின் நெஞ்சறையில் வளரும் ஒரு யானைக்கால் வகைப் புழுவை சி57 எனப்படும் கறுப்பு இன எலிகள் முதிருமுன் அழிக்கின்றன. பால்ப்-சி இன எலிகளில் அது முதிர்ந்து குஞ்சும் இடுகிறது. கறுப்பு எலியில், இரத்தத்திலிருந்து வரும் மொனோசைட்டுக் கலங்கள் இரண்டாம் வகை டி கலங்களின் துணையோடு அவ்விடத்திலேயே நிலைகொள்ளும் பெருவிழுங்கிகளாக மாறுகின்றன. பால்ப்-சி எலியில் அந்த மாற்றம் இடையில் தடைப்படுகிறது. ஜூடி ஆலன் குழு 2023 இல் வெளியிட்ட முடிவு இது. ஒரு புழுவிடம் வலுவாக நிற்கும் மரபணுப் பின்னணி இன்னொரு புழுவிடமும் அப்படியே நிற்கும் என்று நம்ப இடமில்லை. ஒட்டுமொத்தமாக வலுத்த எதிர்ப்பு, நொய்த எதிர்ப்பு என்று மனிதரைப் பிரிப்பது இதனால்தான் பொருளற்றுப் போகிறது.

ஜிரெல் மக்களின் வம்சமரம்

மனிதரை உடன்பிறப்புக் கலப்பால் ஒரே மாதிரி ஆக்க முடியாது. பதிலாக, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவான ஒரு சமூகத்தைத் தேடிப் போனார்கள். கிழக்கு நேபாளத்தின் ஜிரி பகுதியில் வாழும் ஜிரெல் மக்களை ஏறக்குறைய ஒரே வம்சமரத்தில் எழுதிவிடலாம். சாரா வில்லியம்ஸ்-பிளாஞ்சேரோ தலைமையிலான குழு அங்கே உருளைப்புழுச் சுமையை அளந்து 1999 இல் வெளியிட்டது. புழுச்சுமையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 30 முதல் 50 சதவீதம் மரபணுவால் விளங்கியது; ஒரே வீட்டில் வாழ்வதன் பங்கு 3 முதல் 13 சதவீதம். 2002 இல் முதலாம், பதின்மூன்றாம் நிறமூர்த்தங்களில் இதற்குப் பொறுப்பான பகுதிகளை அடையாளம் கண்டார்கள். பதின்மூன்றாம் நிறமூர்த்தத்தில் அந்தப் பகுதிக்கு அருகே, பி கலங்களை உயிரோடு வைத்திருக்கும் புரதம் ஒன்றின் மரபணு இருக்கிறது.

சீனாவில் நடந்த ஆய்வுகள் வேறொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தன. இன்டர்லியூக்கின்-4, 13 ஆகியவற்றின் கட்டளையைக் கலத்தின் உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்-6 என்ற புரதத்தின் மரபணுவில், ஒவ்வாமைக்கு இடங்கொடுக்கும் சில வடிவங்கள் உருளைப்புழுச் சுமையைக் குறைத்தன. புழு நிறைந்த ஊரில் உதவிய வடிவம் புழு இல்லாத நகரத்தில் மூச்சிரைப்பாக வந்து நிற்கலாம் என்ற ஊகத்துக்கு இது பலம் சேர்த்தது. கமரூனில் நடந்து 2003 இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகைச் சுரப்புகள் அதிகமுள்ளவர்களிடம் உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் குறைவாக இருந்தன. எலி சொன்னதை மனித இரத்தமும் ஒப்புக்கொண்டது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. 30 முதல் 50 சதவீதம் என்பதற்கு, ஒருவரின் புழுக்களில் பாதி மரபணுவால் வந்தவை என்று பொருள் அல்ல. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அந்தச் சூழலில் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபோடு ஒட்டி ஓடுகிறது என்பதே அதன் பொருள். எல்லா வீடுகளிலும் வசதிக் குறைவு ஒரே மாதிரி இருந்தால் வீட்டின் பங்கு சிறியதாகவும் மரபின் பங்கு பெரியதாகவும் தெரியும். பாதி வீடுகளுக்கு நல்ல கழிவறை வந்துவிட்டால், அதே மக்களிடம், அதே மரபணுக்களோடு, இந்தக் கணக்கு மாறிவிடும். தோட்டங்களில் வீட்டுச் சுகாதார வசதிக் குறைவு ஆபத்துக் காரணியாக எழுந்து நின்றது அங்கே வீட்டுக்கு வீடு அந்த வசதி வேறுபட்டதால்தான்.

கூண்டுக்கு வெளியே

சூழல் மாறினால் மரபின் பங்கும் மாறும் என்ற வாதத்துக்கு எலியிடமே சான்று இருக்கிறது. கறுப்பு இன எலிகள் ஆய்வகத்தில் சாட்டைப்புழுவைத் துரத்தக்கூடியவை. அவற்றைத் திறந்தவெளி அடைப்பில், புல்லிலும் மண்ணிலும் விட்டு வளர்த்தபோது சில வாரங்களிலேயே புழுவுக்கு இடங்கொடுத்தன. ஆண்ட்ரியா கிரஹாம், பி'ங் லோக் ஆகியோரின் குழு 2018 இல் இதை எழுதியது. அவர்களே சகாக்களுடன் 2024 இல் மூன்று எலி இனங்களை ஒப்பிட்டார்கள். எந்தெந்த எதிர்ப்புக் கலம் எவ்வளவு இருக்கிறது என்பதை மரபணுவும் சூழலும் சேர்ந்து தீர்மானித்தன. இன்டர்ஃபெரோன்-காமா போன்ற சுரப்புகள் பெரும்பாலும் மரபணுவைப் பின்பற்றின, அது புழுச்சுமையிலும் தெரிந்தது. ஆனால் ஆய்வகத்தில் இனங்களுக்கிடையே தெரிந்த மரபு வேறுபாடுகள் வெளியில் விட்டபோது குறைந்தன.

தொற்றின் அளவும் முறையும் இதே போல முக்கியம். எதிர்ப்புள்ள இனத்துக்குக்கூட ஒரே முறை மிகக் குறைந்த முட்டைகளைக் கொடுத்தால் தொற்று நிலைத்துவிடும். ஆனால் சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் காலப்போக்கில் எதிர்ப்பு உருவாகிறது என்று 2019 இல் மான்செஸ்டரில் காட்டினார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு முட்டை வருவது இந்த இரண்டாம் முறையில், கொஞ்சம் கொஞ்சமாக.

குற்றம் யார் தலையில்

நோயைத் தொழிலாளரின் உடலிலும் பழக்கத்திலும் தேடும் வழக்கம் மலையகத்துக்குப் புதிதல்ல. ரொக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் விக்டர் ஹைசர் 1915 இல் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டு மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. சோதித்த தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. தைமோல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 1922 இல் லூசியஸ் நிக்கல்ஸும் ஹாம்ப்டனும் காபன் நாற்குளோரைட்டு மருந்தைப் பற்றி எழுதினார்கள். ஈரலுக்கு நஞ்சான அந்தப் பொருள் பிற்காலத்தில் கைவிடப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வருபவர்கள்தான் புழுவைக் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சு வலுத்தது. இலங்கைக்கு வருமுன் அவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமிலேயே கொக்கிப்புழு மருந்து புகட்டி அனுப்பும் ஏற்பாடும் வந்தது. கழிவறை கட்டுங்கள் என்று பிரசாரக்காரர்கள் வற்புறுத்தியபோது செலவுக் கணக்குப் பார்த்த துரைமார் பலர். வரலாற்றாய்வாளர் சோம ஹேவா இந்த இழுபறியை விரிவாக எழுதியிருக்கிறார். மருந்து தின்ற தொழிலாளி அதே மண்ணில் வெறுங்காலோடு கொழுந்தெடுக்கப் போனார். புழு திரும்பி வந்தது.

மரபணு ஆய்வை அரைகுறையாகப் படிப்பவர் அந்தப் பழைய பேச்சுக்குப் புதிய சட்டை மாட்டிவிடலாம்: மலையகத் தமிழரின் இரத்தம் அப்படி என்று. அதற்கு எந்தச் சான்றும் இல்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி என்று பல மாவட்டங்களிலிருந்து, பல சாதிகளிலிருந்து வந்து சேர்ந்த மக்கள் இவர்கள். ஜிரெல் மக்களைப் போல ஒரே வம்சமரம் அல்ல. மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவொன்டின் 1972 இல் கணக்கிட்டார்.

குழுக்களுக்கிடையே மரபு வேறுபாடு ஒருபோதும் நோயில் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. புர்கினா ஃபாசோவில் புலானி மக்களும் மொஸ்ஸி மக்களும் அருகருகே வாழ்கிறார்கள். ஒரே மாதிரி நுளம்புக்கடி. ஆனாலும் புலானி மக்களுக்கு மலேரியா குறைவு, அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் அதிகம் என்று 1996 இல் மோதியானோ குழு எழுதியது. தொற்றின் போது புலானி மக்களின் மொனோசைட்டுக் கலங்களில் மரபணுச் செயற்பாடு அண்டைச் சமூகத்தினரைவிட மிகுதியாக மாறுவதை 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே மரபு பற்றிப் பேச முடிந்ததற்குக் காரணம், கடி சமம் என்று முதலில் நிறுவியதுதான். தோட்டத்துக்கும் இலங்கையின் பிற பகுதிகளுக்கும் இடையே கழிவறையும் குடிநீரும் தாயின் பள்ளிப்படிப்பும் சமமாகாத வரை, புழு வேறுபாட்டுக்கு இரத்தத்தைக் காரணம் காட்ட யாருக்கும் உரிமை இல்லை.

என்ன செய்யலாம்

மரபணு ஆய்வு நடைமுறைக்கு ஒன்றும் தராது என்பதல்ல. சிலரிடம் புழு திரும்பத் திரும்பக் கடுமையாக வரும் என்பதற்கு உடலில் காரணம் உண்டு என்று அது சொல்கிறது. அத்தகைய பிள்ளையைச் சுத்தமில்லாதவள் என்று ஏசுவது தவறு. அவளைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனையும் வேண்டாம். போன முறை முட்டை எண்ணிக்கை அதிகமாயிருந்த பிள்ளையை இந்த முறையும் சோதித்தாலே போதும். பூச்சி மருந்து இருக்கும் புழுவைக் கொல்லும், எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்காது. அதிலும் ஒரு வேளை மெபென்டசோல் சாட்டைப்புழுவை மூன்றில் ஒருவரிடம்தான் முழுமையாக நீக்குகிறது என்று 2008 இல் உலக ஆய்வுகளைத் தொகுத்த கைசர், உட்சிங்கர் இருவரும் கணக்கிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு பூச்சி மருந்தும் சேர்த்தால் இரத்தச்சோகை இன்னும் நன்றாகக் குறைகிறது என்பதை 1994 இல் இலங்கைத் தோட்டங்களிலேயே அட்டுகோரள குழு நிறுவியிருக்கிறது.

பத்தாண்டு மருந்து நின்றதும் புழு திரும்பி வந்தது ஏன் என்பதற்கு 2011 ஆய்வாளர்கள் சொன்ன விடை நேரானது: தொற்றின் வேகம் தொடக்கத்திலேயே கடுமையாக இருந்தது, நிரந்தரத் தீர்வுகள் மருந்தோடு சேர்ந்து வரவில்லை. பிள்ளைகளுக்கான மருந்தைத் தொடருங்கள், சுகாதார வசதிக்கு இன்னும் அழுத்தம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். நோட்டன் பிரிட்ஜ் போன்ற தாழ்ந்த, ஈரமான பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு அந்தக் கோரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். ஒவ்வொரு காம்பராவுக்கும் தனிக் கழிவறை, குழாய்த் தண்ணீர், தாய்மாருக்குக் கல்வி, கடுந்தொற்றுள்ள பிள்ளைகளைப் பெயர் வைத்துத் தொடரும் தோட்டச் சுகாதாரப் பதிவேடு ஆகிய நான்கும் தோட்ட நிர்வாகத்திடமும் சுகாதார அமைச்சிடமும் கேட்க வேண்டியவை. மரபணுவைக் காரணம் காட்டி இவற்றில் ஒன்றையும் தள்ளிப்போட இடம் கொடுக்கக் கூடாது.